நான்காவது தந்தி: மேலா, கீழா?

தந்திக் கருவி ஒன்றைக் கையில் எடுத்து, அதன் தந்திகளை வரிசையாக ஒவ்வொன்றாய் மீட்டுகிறீர்கள். என்ன எதிர்பார்ப்பீர்கள்? முதலில் தாழ்ந்த ஒலி எழும். பிறகு தந்திக்குத் தந்தி ஒலி உயர்ந்துகொண்டே போகும் என்றுதானே? கித்தாரும் வயலினும் அப்படித்தான் அமைந்துள்ளன. ஆனால் உகுலேலே என்னும் சின்னஞ்சிறு கருவி இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிடுகிறது.

உகுலேலேயைப் பார்த்திருப்பீர்கள். கித்தாரின் குட்டி போல இருக்கும். நான்கே தந்திகள். கருவியை மார்போடு அணைத்துப் பிடிக்கும்போது முகத்துக்கு அருகில் வருவது நான்காவது தந்தி. தரைப்பக்கம் இருப்பது முதல் தந்தி. நான்கிலிருந்து ஒன்று வரை இவற்றின் சுரங்களை மேலை நாட்டார் ஜி, சி, ஈ, ஏ என்று அழைப்பர். சி என்பதை நம் 'ச' என வைத்துக்கொண்டால் இவை முறையே ப, ச, க, த ஆகும். அதிர்வெண்களைப் பாருங்கள்: ஜி 392, சி 261.6, ஈ 329.6, ஏ 440 ஹெர்ட்ஸ். முதலில் உயர்ந்த 'ப' ஒலிக்கிறது. பின் 'ச'வுக்கு இறங்கி, மீண்டும் 'க', 'த' என்று ஏறுகிறது. மாடிப்படியில் ஏற வந்தவர் இரண்டாம் அடியில் கீழே குதித்துவிட்டு மறுபடியும் ஏறுவது போல!

இந்தப் படியைச் 'சரிசெய்து' விடவும் வழி உண்டு. நான்காவது தந்தியை மட்டும் மாற்றி, 392-க்குப் பதிலாக அதில் பாதியான 196 ஹெர்ட்ஸில் சுருதி கூட்டினால் போதும். சுரம் அதே 'ப'தான். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே, மந்தர 'ப'. இப்போது ப, ச, க, த ஒழுங்காக ஏறுகின்றன. முதல் முறையை 'மேல் ஜி' என்றும், இரண்டாவதைக் 'கீழ் ஜி' என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். இங்கே மேல், கீழ் என்பவை சுருதியைக் குறிக்கின்றனவே அன்றித் தந்தி இருக்கும் இடத்தை அல்ல.

உகுலேலே கற்பவர் எல்லாரும் ஒரு நாள் சந்திக்கும் கேள்வி இது: மேல் ஜியா, கீழ் ஜியா? ஒரே ஒரு தந்தியைப் பற்றிய கேள்விதான். ஆயினும் அந்த ஒரு தந்தி கருவியின் குணத்தையே மாற்றிவிடுகிறது. ஏன் என்பதை இயற்பியலின் துணையோடு காண்போம்.

கப்பலில் வந்த கருவி

1879-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ம் நாள், 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு துறைமுகத்தை அடைந்தது. அப்போது ஹவாய் தனி முடியரசு. அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துக்கீசியத் தீவான மதீராவிலிருந்து நானூறுக்கு மேற்பட்டோர் அக்கப்பலில் வந்து இறங்கினர். அவர்களுள் மானுவல் நூனிஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூன்று மரவேலைக்காரர்களும் இருந்தனர். பின்னாளில் ஹோனலூலுவில் கடை வைத்து உகுலேலே செய்தவர்கள் இவர்களே.

மதீராவில் இரு சிறு தந்திக் கருவிகள் வழக்கில் இருந்தன. ஒன்று, நான்கு தந்திகள் கொண்ட 'மஷெட்'. அதன் தந்திகள் ஒழுங்காக ஏறுபவை. மற்றொன்று, ஐந்து தந்திகள் கொண்ட 'ரஜாவ்'. அது சற்றுப் பெரியது. அதன் தந்திகள் ஏறியும் இறங்கியும் அமைந்தவை. மஷெட்டின் சிறிய உடலையும் ரஜாவின் நான்கு தந்திச் சுருதியையும் சேர்த்துப் பிறந்ததுதான் உகுலேலே. மேல் ஜி ரஜாவிடமிருந்து வந்த குலச்சொத்து.

'உகு' என்றால் ஹவாய் மொழியில் தெள்ளுப்பூச்சி. 'லேலே' என்றால் குதித்தல். வாசிப்பவரின் விரல்கள் தந்திகள் மேல் துள்ளுவதைக் கண்டு இப்பெயரை இட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மன்னர் காலாகௌவா இக்கருவியை ஆதரித்தார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் பொருட்காட்சியில் அமெரிக்க மக்கள் அதைக் கேட்டு மகிழ்ந்தனர். அதன் பிறகு அது உலகெங்கும் பரவியது.

தந்திகள் ஏறுவரிசையில் இல்லாமல் இருப்பது உலகில் வேறெங்கும் இல்லாத விந்தை அன்று. நம் தம்புராவையே எடுத்துக்கொள்ளுங்கள். ப, ச, ச, மந்தர ச என்றுதானே அதை மீட்டுகிறோம்? கடைசியில் வருவதுதான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது.

ஒரு ஸ்தாயி இறங்க என்ன விலை?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியைக் கண்டிருப்பீர்கள்: நீண்ட மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, இரு ஆப்புகள், தொங்கும் எடைகள். அதில் நாம் சரிபார்க்கும் விதிகளை மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636-ல் தம் நூலில் வெளியிட்டார். அவற்றை இப்படிச் சுருக்கலாம்:

1. தந்தியின் நீளம் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.
2. இழுவிசை நான்கில் ஒரு பங்கானால் அதிர்வெண் பாதியாகும்.
3. ஒரு மீட்டர் தந்தியின் நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

392 ஹெர்ட்ஸை 196 ஆக்க வேண்டும். அதற்கு இந்த மூன்று வழிகள்தாம் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, நீளத்தை இரட்டிப்பது. 'டெனார்' என்னும் பெரிய வகை உகுலேலேயில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 43 செ.மீ. அதை 86 செ.மீ. ஆக்க வேண்டும். கித்தாரில்கூட அந்நீளம் ஏறக்குறைய 65 செ.மீ.தான். எனவே இவ்வழி அடைபட்டது.

இரண்டாவது வழி, அதே தந்தியைத் தளர்த்துவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.6 மி.மீ. விட்டமுள்ள நைலான் தந்தியை 43 செ.மீ. நீளத்தில் 392 ஹெர்ட்ஸில் அதிரச் செய்யச் சுமார் 3.8 கிலோகிராம் எடையின் இழுப்பு தேவை. அதே தந்தியை 196-க்கு இறக்கினால் இழுப்பு ஒரு கிலோவுக்கும் குறைந்துவிடும். தந்தி தொளதொளவென்று ஆடும்; மெட்டுகளில் மோதி 'சர்ர்' என்று இரையும்; சற்று அழுத்திப் பிடித்தாலே சுருதி விலகும். 'சோப்ரானோ' என்னும் மிகச் சிறிய வகையில் நிலைமை இன்னும் மோசம். அதில் தந்தியின் நீளம் 34 அல்லது 35 செ.மீ.தான், இழுப்பு 600 கிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே எஞ்சியிருப்பது மூன்றாவது வழி: நீளத்தையும் இழுப்பையும் அப்படியே விட்டுவிட்டுத் தந்தியை நான்கு மடங்கு கனமாக்குவது. கீழ் ஜிக்கு எப்போதும் வேறு தந்தி வாங்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். பிரடையைத் திருகி இறக்கிவிட்டால் போதாது.

வீட்டில் ஒரு சோதனை

மேற்சொன்ன கணக்கை நீங்களே காதால் சரிபார்க்கலாம். தேவையானவை: 0.6 மி.மீ. தூண்டில் நைலான் இழை இரண்டு மீட்டர், ஒரு நீண்ட பலகை, இரண்டு பென்சில்கள், ஒரு சிறு வாளி, தண்ணீர்.

பலகையின் ஒரு முனையில் ஆணி அடித்து இழையைக் கட்டுங்கள். பலகையை மேசைமேல் வைத்து, ஆணி இருக்கும் முனையை மேசையோடு இறுகக் கட்டிவிடுங்கள். இழையின் மறுமுனை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். அதில் வாளியைக் கட்டுங்கள். வாளி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். இழை அறுந்தாலும் கால்மேல் விழாதபடி தள்ளி நில்லுங்கள். இழைக்கு அடியில் இரு பென்சில்களையும் 43 செ.மீ. இடைவெளியில் குறுக்காக வையுங்கள்.

வாளியின் எடையும் சேர்த்து ஒரு கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றி, பென்சில்களுக்கு இடையே இழையைச் சுண்டுங்கள். கேட்கும் சுரத்தைப் பாடி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மொத்த எடை நான்கு கிலோ ஆகும்வரை தண்ணீர் ஊற்றிச் சுண்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். முதலில் கேட்டது கிட்டத்தட்ட கீழ் ஜி. இரண்டாவது கிட்டத்தட்ட மேல் ஜி. பென்சிலிலும் மேசை விளிம்பிலும் உராய்வு இருப்பதால் மிகச் சரியாக வராமல் போகலாம். ஆனால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கிலோ தொங்கும்போது இழை விரலுக்கு எவ்வளவு தளர்வாக இருக்கிறது? அந்தத் தளர்ச்சியில் பாட்டு வாசிக்க முடியுமா என்று விரலே சொல்லிவிடும்.

தடிமனின் தொல்லை

நான்கு மடங்கு கனம் வேண்டுமென்றால் அதே நைலானில் விட்டம் இரு மடங்காக வேண்டும், அதாவது 0.6 மி.மீ. தந்தி 1.2 மி.மீ. ஆக வேண்டும். இங்கே ஒரு புதிய தொல்லை தலைகாட்டுகிறது.

மெர்செனின் விதிகள் நன்றாக வளையும் மெல்லிய தந்திக்கே உரியவை. தடித்த தந்தி ஓரளவு குச்சியைப் போல நடந்துகொள்ளும். விட்டம் இரட்டித்தால் வளைக்க எதிர்ப்பு இரட்டிப்பதில்லை, பதினாறு மடங்காகிறது! விறைப்பான தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்குகளில் சரியாக நிற்காமல் சற்று மேலே விலகிவிடும். மணி போன்ற ஒலிக்குப் பதில் 'தொப்' என்ற மங்கிய ஒலிதான் வரும். மெட்டில் அழுத்தும்போதும் தடித்த தந்தியின் சுருதி எளிதில் ஏறிவிடும்.

இதற்கு இருவகைத் தீர்வுகள் உண்டு. முதலாவது, சுற்றுத் தந்தி. மெல்லிய நைலான் இழைக்கற்றையை நடுவில் வைத்து, அதன்மேல் நுண்ணிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிவிடுகிறார்கள். கனத்தை உலோகச் சுற்று தருகிறது. வளையும் தன்மையை நடு இழை காப்பாற்றுகிறது. கித்தாரின் தாழ்ந்த தந்திகளிலும் இதே உத்திதான். ஆனால் குறைகளும் உண்டு. உலோகத்தின் ஒலி மற்ற மூன்று நைலான் தந்திகளோடு ஒட்டாமல் தனியே பளிச்சிடும். விரல் தந்திமேல் வழுக்கும்போது 'கீச்' என்று சத்தம் வரும். மெட்டுகளில் தேய்ந்து சுற்று அறுந்தும் போகும்.

இரண்டாவது தீர்வு, அடர்த்தி மிக்க வேறொரு பொருள். தூண்டில் இழையாகவும் பயன்படும் ஃபுளோரோகார்பன் என்னும் செயற்கைப் பொருளின் அடர்த்தி நைலானைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். நைலானில் 1.2 மி.மீ. விட்டம் தேவைப்படும் இடத்தில் இதில் 0.97 மி.மீ. போதும். உலோகம் இல்லாததால் ஒலி மற்றத் தந்திகளோடு இணங்கிப் போகும். 'கீச்' சத்தமும் இல்லை. அதே சமயம் சுற்றுத் தந்தியின் தெளிவு இதற்குச் சற்றுக் குறைவு.

1938-ல் நைலான் அறிவிக்கப்படும் முன்பும், இரண்டாம் உலகப் போர் முடியும் வரையிலும், இத்தகைய கருவிகளில் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்புகளே கட்டப்பட்டன. குட்டையான கருவியில் தடித்த குடல் நரம்பு எப்படி மங்கி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறு கருவியில் தாழ்ந்த சுரத்தை விட்டுவிட்டு, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வைத்துக்கொள்வது எவ்வளவு நயமான உபாயம் என்பது விளங்கும்.

பெட்டி என்ன சொல்கிறது?

தந்தி தானாகக் காற்றை அதிகம் அசைப்பதில்லை. குதிரை என்னும் மரக்கட்டை வழியாக அதன் அதிர்வு பெட்டியின் மேற்பலகைக்குச் செல்கிறது. பலகையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அதிர்ந்துதான் ஒலி நம் காதை எட்டுகிறது. வாய் குறுகிய புட்டியின் மேல் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுரம் எழுமல்லவா? துளையுள்ள பெட்டிக்கும் அப்படி ஓர் இயல்பான சுரம் உண்டு. பெட்டி சிறிதானால் அந்தச் சுரம் உயரும், பெரிதானால் தாழும்.

196 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 1.75 மீட்டர். கையளவுப் பலகையால் இவ்வளவு நீண்ட அலையை வலுவாக எழுப்ப இயலாது. ஆகவே சோப்ரானோவில் கீழ் ஜியை மீட்டினால் அடிப்படைச் சுரம் மெலிந்தே ஒலிக்கும். அதன் மேற்சுரங்களான 392, 588 ஆகியவையே ஓங்கி நிற்கும். ஆயினும் நம் காது ஒரு மாயம் செய்கிறது. 392, 588, 784 என்று 196-ன் மடங்குகள் சேர்ந்து வந்தால், அடியில் 196 இருப்பதாகவே மூளை முடிவு கட்டிவிடும். சின்ன ரேடியோவிலும் ஆண் குரலை அடையாளம் காண முடிவது இதனால்தான். எனவே சோப்ரானோவில் கீழ் ஜி கேட்காது என்பதில்லை. ஆனால் உடல் இல்லாத குரல் போல இருக்கும். டெனாரின் பெரிய பெட்டியில் அதற்கு உடலும் கிடைத்துவிடும்.

மேல் ஜி தருவது என்ன?

இனி இசைக்கு வருவோம். மேல் ஜி முறையில் நான்கு தந்திகளும் 261.6 முதல் 440 ஹெர்ட்ஸ் வரையுள்ள சிறிய இடைவெளிக்குள் நெருங்கி நிற்கின்றன. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதல் விளைவு தாளத்தில் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரு தந்திகளும் உயர்ந்தவை. ஆகவே கையை மேலிருந்து கீழே வீசி மீட்டினாலும், கீழிருந்து மேலே வீசினாலும் ஒலி ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். தாளம் சீராகத் துள்ளும். உகுலேலே என்றதும் பலர் நினைவுக்கு வரும் அந்தக் கலகலப்பு இதிலிருந்து பிறப்பது.

இரண்டாவது விளைவு, ஒரே சுரம் இரு தந்திகளில் ஒலிப்பது. பல சுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டுவதைக் 'கூட்டு' என்போம். ஜி என்னும் கூட்டில் நான்காவது தந்தி வெறுமையாக 392 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இரண்டாம் தந்தியில் மூன்றாவது மெட்டை அழுத்தும்போது அதுவும் 392. இரண்டும் மிகச் சரியாக இணைந்தால் ஒலி செறிவாக இருக்கும். ஒன்று 390-க்கு நழுவிவிட்டால்? விநாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். இசைக்கவைகளை வைத்து வகுப்பில் கேட்ட அதே விம்மல்தான். மேல் ஜி வாசிப்பவர் சுருதியில் கவனக்குறைவாக இருக்க முடியாது; கருவியே காட்டிக்கொடுத்துவிடும். விம்மலைக் கேட்டுச் சுருதி சேர்க்கப் பழகுபவர்களுக்கு இதே ஒரு நல்ல ஆசிரியனும் ஆகும்.

மூன்றாவது விளைவு எல்லாவற்றிலும் அழகானது. ச, ரி, க, ம, ப, த என்று வாசிக்கும்போது 'க'வை இரண்டாம் தந்தியிலும், 'ப'வை நான்காம் தந்தியிலும், 'த'வை முதல் தந்தியிலும் எதையும் அழுத்தாமலே எடுக்கலாம். அடுத்தடுத்த சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் அமைவதால் முந்திய சுரம் அடங்கும் முன்பே அடுத்தது எழுந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒலிக்கும். சிறு மணிகள் சேர்ந்து ஒலிப்பது போலிருப்பதால் இதற்கு 'கம்பனெல்லா' என்று பெயர். இத்தாலிய மொழியில் அதற்குச் சிறு மணி என்று பொருள். அமெரிக்கக் கலைஞர் ஜான் கிங் இம்முறையில் பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் படைப்புகளை மேல் ஜி உகுலேலேயில் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார்.

கீழ் ஜி தருவது என்ன?

மேல் ஜியில் கருவியின் மிகத் தாழ்ந்த சுரம் சி, அதாவது 'ச'. அதற்குக் கீழே கதவு சாத்தியாயிற்று. கீழ் ஜி அந்தக் கதவைத் திறந்து மேலும் ஐந்து சுரப்படிகளைத் தருகிறது. பன்னிரண்டு மெட்டுகள் உள்ள கருவியில் மேல் ஜி முறையில் கிடைப்பவை 22 சுரங்கள். கீழ் ஜி முறையில் 27.

ஐந்து சுரங்கள் பெரிதா என்று கேட்கலாம். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் மெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது மந்தர 'ப'வில் தொடங்கி, 'ச'வுக்கு ஏறி, மேலே செல்கிறது. சி-யை 'ச'வாகக் கொண்டு மேல் ஜி உகுலேலேயில் அதை வாசிக்க முடியாது. முதல் சுரமே கருவியில் இல்லை. 'ச'வை எஃப் சுரத்துக்கு உயர்த்தித்தான் வாசிக்க வேண்டும். அப்படி உயர்த்தும்போது சேர்ந்து பாடுபவரின் குரலுக்கு அது எட்டுமா என்பது அடுத்த கேள்வி. 'ச'வுக்குக் கீழே இறங்கி வரும் மெட்டுகள் ஏராளம். அவற்றையெல்லாம் தனியாக வாசிக்க விரும்புபவருக்குக் கீழ் ஜி பெரிய வரம்.

மேலும், கட்டைவிரலால் கீழ் ஜியில் அடிச்சுரத்தை மீட்டிக்கொண்டே மற்ற விரல்களால் பாட்டை வாசிக்கலாம். ஒருவரே இருவர் வாசிப்பது போன்ற நிறைவு கிட்டும். ஹவாயைச் சேர்ந்த ஹெர்ப் ஓட்டா, 'ஓட்டா-சான்' என்ற பெயரில், கீழ் ஜி முறையில் தனிவாசிப்பு செய்து புகழ் பெற்றவர்.

ஆனால் கீழ் ஜி வந்ததும் எல்லாக் கூட்டுகளும் அழகாகிவிடும் என்று எண்ணக்கூடாது. சி கூட்டை எடுத்துக்கொள்வோம். மேல் ஜியில் அதன் சுரங்கள் 392, 261.6, 329.6, 523.3. இவற்றுள் மிகத் தாழ்ந்தது சி. கூட்டின் பெயருக்குரிய சுரமே அடித்தளமாக நிற்கிறது. கீழ் ஜியில் 392-ன் இடத்தில் 196 வருகிறது. இப்போது அடித்தளம் 'ச' அன்று, 'ப'. கூட்டு அதே கூட்டுத்தான். ஆயினும் ஒரு காலைத் தூக்கி நிற்பது போல் சற்றே நிலைகொள்ளாத உணர்ச்சி தரும். ஜி கூட்டிலோ நேர்மாறு. மேல் ஜியில் அதன் மிகத் தாழ்ந்த சுரம் டி. கீழ் ஜியில் அது ஜியாகி, வீட்டுக்கு அஸ்திவாரம் கிடைத்தது போலாகிறது. ஒரு தந்தியை இறக்கியதும் ஒரு கூட்டு அஸ்திவாரத்தை இழக்கிறது, மற்றொன்று பெறுகிறது. இழப்பில்லாத ஆதாயம் இங்கே இல்லை.

350 ஆண்டுகளுக்கு முந்திய கேள்வி

இந்த விவாதம் உகுலேலேயோடு பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1674-ல் கஸ்பார் சான்ஸ் என்ற ஸ்பானியர் கித்தார் வாசிப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அக்காலக் கித்தாரில் ஐந்து இணைத் தந்திகள். நான்காவது, ஐந்தாவது இணைகளில் தடித்த தந்தி கட்டுவதா, மெல்லிய தந்தி கட்டி ஒரு ஸ்தாயி மேலே வைப்பதா என்ற கேள்வியை அவர் எடுத்துப் பேசுகிறார். கையை வீசிப் பேரொலியோடு வாசிப்பதற்கும் அடிச்சுரத்தோடு பக்கவாத்தியம் வாசிப்பதற்கும் தடித்த தந்தி ஏற்றது. விரலால் ஒவ்வொரு சுரமாக இனிமையாக எடுப்பதற்கு மெல்லியதே சிறந்தது என்பது அவர் முடிவு. மணிகளின் ஒலி போன்ற அந்தக் கம்பனெல்லா முறைக்கு மெல்லிய தந்திகள் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

கவனித்தீர்களா? 'எது உயர்ந்தது?' என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. 'நீ என்ன வாசிக்கப் போகிறாய்?' என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப வழி சொல்கிறார்.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

நாமும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்.

முதலில் கருவியின் அளவைப் பாருங்கள். சோப்ரானோ என்றால் மேல் ஜியே இயல்பானது. டெனார் என்றால் இரண்டும் பொருந்தும். இடைப்பட்ட 38 செ.மீ. 'கான்செர்ட்' வகையில் கீழ் ஜிக்குச் சற்றுக் கனமான தந்தி தேடிக் கட்ட வேண்டும்.

அடுத்து, நீங்கள் வாசிக்க விரும்பும் ஐந்து பாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்ந்த சுரம் எது என்று பாடிப் பார்த்துக் குறியுங்கள். பெரும்பாலானவை 'ச'வுக்குக் கீழே இறங்குகின்றனவா? அவற்றின் மெட்டையே வாசிக்க விரும்புகிறீர்களா? அப்படியானால் கீழ் ஜி. நீங்கள் பாட, கருவி தாளத்தோடு துணை நின்றால் போதும் என்றால் மேல் ஜி.

மூன்றாவதாக, தந்தியை மாற்றும் முன் கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டையைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு காடி வெட்டியிருக்கும். 0.6 மி.மீ. தந்திக்கு வெட்டிய காடியில் ஒரு மி.மீ. தந்தி அமராது, மேலே தூக்கி நின்று சுருதியைக் கெடுக்கும். காடியை மெல்ல அகலப்படுத்த வேண்டும்; ஆழப்படுத்திவிடக் கூடாது. ஆழமாகிவிட்டால் தந்தி முதல் மெட்டில் உரசி இரையும். பிறகு மேல் ஜிக்குத் திரும்பினாலும் இரைச்சல் போகாது. இவ்வேலையைப் பழகிய கையிடம் கொடுப்பதே நல்லது. எஃகுக் கம்பியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். இந்த மெல்லிய பலகைகள் நைலான் போன்ற இலேசான தந்திகளின் இழுப்புக்காகச் செய்யப்பட்டவை.

புதுத் தந்தி மாட்டிய பின் சில நாட்கள் அது நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கும். பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கூட்டுங்கள். ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா? பழைய தந்தியைத் தூக்கி எறியாமல் சுருட்டி வைத்திருந்தால் ஒரே மாலையில் திரும்பிவிடலாம்.

நீளம், இழுவிசை, நிறை என்ற மூன்றே அளவுகள் எது முடியும், எது முடியாது என்று எல்லை கட்டுகின்றன. அந்த எல்லைக்குள் எதை விட்டு எதைப் பெறுவது என்பது வாசிப்பவரின் உரிமை. மதீராவிலிருந்து வந்தவர்கள் தாழ்ந்த சுரத்தை விட்டுத் துள்ளலைப் பெற்றார்கள். பின்வந்தோர் சிலர் துள்ளலைச் சற்றே விட்டு ஆழத்தைப் பெற்றார்கள். உங்கள் கையில் உகுலேலே வரும்போது, முதலில் நான்காவது தந்தியை மட்டும் மீட்டிக் கேளுங்கள். அது மேலே ஒலிக்கிறதா, கீழே ஒலிக்கிறதா என்பதிலிருந்தே அக்கருவி எதற்காகக் காத்திருக்கிறது என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.